மோல் கணக்கு: பாடம் புரிகிறது, விடை மட்டும் ஏன் தப்புகிறது?

நீலலிட்மஸ்

வணக்கம். மோல், மோலாரிட்டி பாடத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கிறது. கணக்குப் போட உட்கார்ந்தால் விடை பொருந்துவதில்லை. மூன்று கணக்குகளையும் நான் போட்ட வழியையும் கீழே எழுதுகிறேன். எங்கே தவறுகிறேன் என்று யாராவது காட்டினால் பெரிய உதவி.

ஒன்று: 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து 250 மி.லி. கரைசல் தயாரித்தால் மோலாரிட்டி என்ன? 4-ஐ மோலார் நிறையான 40-ஆல் (ஒரு மோல் எத்தனை கிராம் என்பது) வகுத்தேன், 0.1. அதை 250-ஆல் வகுத்தேன், 0.0004. புத்தகத்தில் 0.4.

இரண்டு: அடர் கந்தக அமிலம் நிறைப்படி 98 சதவீதம், அடர்த்தி மி.லி.க்கு 1.84 கிராம். மோலாரிட்டி என்ன? 98 கிராம் என்றால் ஒரு மோல். அது 100 மி.லி.யில் இருக்கிறது. ஆக லிட்டருக்கு 10 மோல். விடையோ 18.4. அடர்த்தியை எதற்குக் கொடுத்தார்கள் என்றே புரியவில்லை.

மூன்று: 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை நடுநிலையாக்க 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 19.6 மி.லி. செலவானது. எம்1 வி1 = எம்2 வி2 (எம் மோலாரிட்டி, வி கன அளவு) போட்டேன். 0.049 வந்தது. விடை அதற்குச் சரியாக இரண்டு மடங்கு, 0.098.

சூத்திரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். பதினான்கு ஆகிவிட்டது. எதை எப்போது எடுப்பது?

கூம்புக் குடுவை

முதல் கணக்கில் நீங்கள் எழுதிய 0.0004 தப்பான எண்ணே இல்லை. 0.1 மோலை 250 மி.லி.யால் வகுத்தால் ஒரு மி.லி.க்கு 0.0004 மோல். அது உண்மை. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை மோல் என்ற கேள்வி. 1000-ஆல் பெருக்குங்கள், 0.4 வந்துவிடும். அலகை எழுதாமல் வெறும் எண்ணை எழுதியதால், சரியான எண் கையில் இருந்தும் தவறான விடை ஆகிவிட்டது. இனி ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் கிராம், மோல், லிட்டர் என்று எழுதியே போடுங்கள். ஒரு வாரம் சலிப்பாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

பதினான்கு சூத்திரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தராசுக்குக் கிராம் மட்டும்தான் தெரியும். வினைக்கோ கிராம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும்: இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மோல். 12 கிராம் கார்பனிலும் 197 கிராம் தங்கத்திலும் ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் இருக்கின்றன. தங்க அணு கனமானது, அவ்வளவுதான். ஆகவே எந்தக் கணக்கானாலும் முதலில் மோலுக்கு வாருங்கள். வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்த மோல்கள் எவ்வளவு எதற்குள் இருக்கின்றன? லிட்டர் கரைசலுக்குள் என்றால் மோலாரிட்டி. கிலோ கரைப்பானுக்குள் என்றால் மோலாலிட்டி. மொத்த மோல்களில் ஒரு பங்கு என்றால் மோல் பின்னம். வகுக்கும் எண் மட்டுமே மாறுகிறது, மேலே இருப்பது எப்போதும் மோல்தான்.

உங்கள் இரண்டாவது கணக்கில் தவறு அந்த "எதற்குள்" என்ற இடத்தில்தான் இருக்கிறது. நீங்களே ஒருமுறை பாருங்கள்: 98 கிராம் அமிலம், எந்த நூறுக்குள்?

கடைசி பெஞ்சு

நானும் இதே பாடத்தில்தான் இருக்கிறேன். எனக்குச் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதுதான் வசதி. தேர்வில் ஒரு கணக்குக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். உட்கார்ந்து யோசிக்க நேரம் எங்கே? இரண்டாவது கணக்குக்கு நேரடிச் சூத்திரமே இருக்கிறது: சதவீதம் × அடர்த்தி × 10 ÷ மோலார் நிறை. 98 × 1.84 × 10 ÷ 98 = 18.4. முடிந்தது.

படிகநீர்

சூத்திரம் சரிதான். ஆனால் அதில் அந்த 10 எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

நீலலிட்மஸ், உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிறைப்படி 98 சதவீதம் என்றால் 100 கிராம் கரைசலில் 98 கிராம் அமிலம், 2 கிராம் தண்ணீர். நீங்கள் 100 கிராமை 100 மி.லி. என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். தண்ணீருக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். அடர் கந்தக அமிலம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். 100 கிராமை 1.84-ஆல் வகுத்தால் 54.3 மி.லி.தான். அந்த 54.3 மி.லி.க்குள் ஒரு மோல் இருக்கிறது. லிட்டருக்கு 18.4. அடர்த்தியைக் கொடுத்தது இதற்காகத்தான்: கிராமிலிருந்து மி.லி.க்கு வருவதற்கு.

வேறு வழியாகவும் போடலாம். ஒரு லிட்டர் அமிலம் 1840 கிராம். அதில் 98 சதவீதம், 1803 கிராம். 98.08-ஆல் வகுத்தால் 18.4. சூத்திரத்தில் இருக்கும் 10 என்பது 1000 மி.லி.யும் 100 சதவீதமும் வகுபட்டு மிஞ்சியது. இது தெரிந்தால் சூத்திரம் மறந்துபோனாலும் பயமில்லை.

இன்னொன்றையும் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த எண் இது. இதே அமிலத்தின் மோலாலிட்டி என்ன? ஒரு மோல் அமிலம், 2 கிராம் தண்ணீர். 1 ÷ 0.002 = கிலோவுக்கு 500 மோல். அதே பாட்டில், அதே திரவம். ஒரு கணக்கில் 18.4, இன்னொரு கணக்கில் 500. நீர்த்த கரைசல்களையே பார்த்துப் பழகியவர்கள் மோலாரிட்டியும் மோலாலிட்டியும் ஏறக்குறைய ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். கரைசல் அடர்த்தியாக ஆக அந்த எண்ணம் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நீலலிட்மஸ்

புரிந்துவிட்டது அக்கா. 100 கிராம், 100 மி.லி. இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி.

அப்படியென்றால் மோலாலிட்டி எதற்கு? மோலாரிட்டி ஒன்றே போதாதா?

கூம்புக் குடுவை

வெப்பம்தான் காரணம். மோலாரிட்டி கன அளவை நம்பி நிற்கிறது, கன அளவு சூட்டில் விரியும். ஒரு லிட்டர் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 998 கிராம், 80 டிகிரியில் 972 கிராம். 20 டிகிரியில் துல்லியமாக 0.1 மோலாராக இருந்த நீர்த்த கரைசலை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 0.097 பக்கம் இறங்கிவிடும். ஒரு துகள்கூட வெளியே போகவில்லை, ஆனாலும் செறிவு மாறிவிட்டது. மோலாலிட்டியில் இரண்டு பக்கமும் நிறைதான். நிறை சூட்டில் மாறாது. அதனால்தான் கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு போன்ற வெப்பநிலை மாறும் கணக்குகளில் மோலாலிட்டியை எடுக்கிறோம். தண்ணீருக்கு உறைநிலைத் தாழ்வு மாறிலி 1.86 என்று வருகிறதே, அதற்குப் பொருள் "கிலோவுக்கு ஒரு மோல் துகள் இருந்தால் 1.86 டிகிரி இறங்கும்" என்பது.

எண்ணிப்பார்

மேலே மோல் என்பது எண்ணிக்கை என்று சொன்னது அருமை. அதில் கொஞ்சம் வரலாறு சேர்க்கிறேன், எனக்கு இது மனதுக்கு நெருக்கமான பகுதி.

அவகாட்ரோ 1811-இல் சொன்னது வாயுக்களைப் பற்றி: ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில், சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும். எத்தனை என்று அவருக்குத் தெரியாது. 1856-இல் அவர் இறந்தபோதும் யாருக்கும் தெரியாது. லோஷ்மிட் 1865-இல்தான் மூலக்கூறின் அளவை முதலில் மதிப்பிட்டார். 1909-இல் பெரின், திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் அசைவை உருப்பெருக்கியில் கவனித்து எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அதற்கு அவகாட்ரோவின் பெயரையே வைத்தார். அணு என்று ஒன்று உண்டா என்று சந்தேகப்பட்டவர்களை மாற்றியதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. 1926-இல் பெரினுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

நெடுங்காலம் மோலின் வரையறை "12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை" என்றுதான் இருந்தது. 2019 மே 20 முதல் அது மாறிவிட்டது. ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³ துகள்கள், அவ்வளவுதான். கார்பனும் இல்லை, கிராமும் இல்லை. மோல் ஒரு எண்ணிக்கைதான் என்பது இப்போது வரையறையிலேயே இருக்கிறது.

எவ்வளவு பெரிய எண் என்று உணர வேண்டுமானால் 18 மி.லி. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல். அதிலுள்ள மூலக்கூறுகளை வினாடிக்குப் பத்துக் கோடி வீதம் எண்ணினாலும் எண்ணி முடிக்க ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகள் ஆகும்.

கடைசி பெஞ்சு

அருமை. அப்போது தண்ணீருக்கே ஒரு மோலாரிட்டி உண்டா?

எண்ணிப்பார்

உண்டு. ஒரு லிட்டர் ஏறக்குறைய 1000 கிராம், 18-ஆல் வகுத்தால் 55.5. நீர்த்த கரைசலில் 0.1 மோல் உப்பைச் சுற்றி 55 மோல் தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், நீரின் செறிவை மாறாதது என்று ஏன் எடுத்துக்கொள்கிறோம் என்பது விளங்கும்.

பழைய தராசு

இழையை முழுக்க வாசித்தேன். மூன்றாவது கணக்குக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

நான் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க நார்மாலிட்டியில்தான், அதாவது மோலாரிட்டியை ஒரு மூலக்கூறு வினையில் கொடுக்கும் அல்லது ஏற்கும் ஹைட்ரஜன் அயனி, எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கிய அளவில்தான், கணக்குப் போட்டோம். ஆக்சாலிக் அமிலத்தில் வினைபுரியும் ஹைட்ரஜன் இரண்டு. ஆகவே 0.05 மோலார் என்றால் 0.1 நார்மல். என்1 வி1 = என்2 வி2 போடுங்கள்: 0.1 × 19.6 ÷ 20 = 0.098. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு நார்மாலிட்டியும் மோலாரிட்டியும் ஒன்றுதான். விடை நேராக வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்று குழம்ப வேண்டியதே இல்லை. இவ்வளவு வசதியான ஒன்றை இப்போதைய பாடங்களில் ஏன் ஓரமாக வைத்தார்கள் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கூம்புக் குடுவை

ஐயா, உங்கள் கணக்கு சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "வினைபுரியும் ஹைட்ரஜன் இரண்டு" என்று சொன்னீர்களே, அந்த இரண்டு சமன்பாட்டிலிருந்துதான் வந்தது. நார்மாலிட்டி அந்த விகிதத்தை நீக்கவில்லை, பாட்டிலின் மேல் ஒட்டிய தாளுக்குள் மறைத்து வைத்திருக்கிறது.

அதில்தான் எனக்குத் தயக்கம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை எடுத்துக்கொள்வோம். 0.02 மோலார் கரைசல். அமில ஊடகத்தில் ஒரு பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரான்களை ஏற்கிறது, ஆகவே 0.1 நார்மல். நடுநிலை ஊடகத்தில் 3 எலக்ட்ரான்கள், மாங்கனீஸ் டைஆக்சைடாகப் படிகிறது. அப்போது அதே கரைசல் 0.06 நார்மல். பாட்டிலில் 0.1 நார்மல் என்று எழுதியவர் எந்த வினையை நினைத்து எழுதினார் என்று அடுத்தவருக்குத் தெரியாவிட்டால் விடை தப்பும். 0.02 மோலார் என்று எழுதினால் எந்த வினைக்கும் அது 0.02 மோலார்தான்.

பழைய தராசு

பெர்மாங்கனேட் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். நாங்கள் எப்போதும் அமிலம் சேர்த்தே பயன்படுத்தியதால் அந்தக் கேள்வி எழுந்ததில்லை. ஒரே வேலையைத் தினமும் செய்யும் இடத்தில் நார்மாலிட்டி விரைவானது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிதாகக் கற்பவர் முதலில் சமன்பாட்டை எழுதிப் பழகட்டும் என்றால் அதை ஒப்புக்கொள்கிறேன்.

கூம்புக் குடுவை

நன்றி ஐயா.

நீலலிட்மஸ், அப்போது சமன்பாட்டு வழியில் உங்கள் மூன்றாவது கணக்கு. ஒரு ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு. செலவான அமிலம் 0.0196 லிட்டர் × 0.05 = 0.00098 மோல். அதற்கு இரண்டு மடங்கு காரம், 0.00196 மோல். அது 0.020 லிட்டருக்குள் இருந்தது. வகுத்தால் 0.098 மோலார்.

எம்1 வி1 = எம்2 வி2 என்ற சூத்திரம் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் அதை இங்கே எடுத்திருக்க மாட்டீர்கள். அது நீர்த்தல் கணக்குக்கானது. கரைசலில் தண்ணீர் சேர்க்கும்போது கரைபொருளின் மோல் மாறுவதில்லை. முன்பு இருந்த மோல் = பின்பு இருக்கும் மோல். அந்தச் சமத்தைத்தான் அந்தச் சூத்திரம் சொல்கிறது. தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றோடு வினை சரியாக முடியும்வரை அளந்து சேர்ப்பதில், இரண்டு வெவ்வேறு பொருள்கள் சந்திக்கின்றன. அவற்றின் மோல்கள் சமமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அங்கே சூத்திரம் தற்செயலாக வேலை செய்கிறது. அதிலேயே பழகியவர்கள் ஆக்சாலிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் வழுக்கி விழுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களின் தாளில் அதிகம் திருத்துவது இந்த ஒரு தவறைத்தான். இரண்டு மடங்கு அல்லது பாதி விடை வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

நீலலிட்மஸ்

சார், இந்தப் பதிலை மட்டும் நான்கு தடவை வாசித்தேன். "மோல் மாறுவதில்லை" என்பதுதான் அந்தச் சூத்திரம் என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படிகநீர்

தாளில் கணக்குச் சரியாக வந்தும் ஆய்வகத்தில் கரைசல் தப்பாகப் போகும் இடம் ஒன்று உண்டு. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

புதிதாக ஆய்வக வேலைக்குச் சேர்ந்த சமயம். 0.1 மோலார் காப்பர் சல்பேட் கரைசல் 500 மி.லி. வேண்டும் என்றார்கள். 0.05 மோல் தேவை. மோலார் நிறை 159.6 என்று எடுத்து, 7.98 கிராம் நிறுத்துக் கரைத்தேன். கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் நிறுத்தது நீலப் படிகம். நீலமாக இருந்தாலே ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். மோலார் நிறை 249.7. நான் 12.48 கிராம் எடுத்திருக்க வேண்டும். தயாரானது 0.064 மோலார். அதை வைத்து ஒரு பிற்பகல் முழுக்க அளவீடுகள் எடுத்துவிட்டோம், எல்லாவற்றையும் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. எனக்காக இன்னொருவரும் உட்கார்ந்தார் என்பதுதான் அதிகம் உறுத்தியது.

அன்றிலிருந்து தராசுக்குப் போகும் முன் பாட்டிலில் எழுதியிருக்கும் மோலார் நிறையைப் படித்துவிட்டுத்தான் போவேன். புத்தகத்திலிருப்பதை எடுப்பதில்லை. ஆக்சாலிக் அமிலமும் இப்படித்தான்: படிகமாக வருவது இரண்டு நீருடன், 126.07. நீரற்றது 90.03. உங்கள் 0.05 மோலார் கரைசலை 250 மி.லி. தயாரிக்க 1.576 கிராம் படிகம் வேண்டும். 90-ஐ வைத்துக் கணக்கிட்டால் 1.125 கிராம்தான் எடுப்பீர்கள், கரைசல் 0.036 மோலாரில் நின்றுவிடும்.

கடைசி பெஞ்சு

எனக்கும் ஒன்று தெளிவாகவில்லை. 250 மி.லி. தண்ணீர் அளந்து ஊற்றி அதில் 1.576 கிராமைப் போட்டால் என்ன? ஏன் "250 மி.லி. வரை நிரப்பவும்" என்று எழுதுகிறார்கள்?

பழைய தராசு

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பல ஆண்டுகள் கையால் செய்த வேலை.

மோலாரிட்டியில் வருவது கரைசலின் கன அளவு, ஊற்றிய தண்ணீரின் கன அளவு அல்ல. கரைபொருளும் இடம் பிடிக்கும். சில சமயம் கலந்தபின் கன அளவு குறைந்தும் போகும்: 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. தண்ணீரையும் கலந்தால் 100 வராது, 96, 97 மி.லி. அளவில்தான் நிற்கும். அதனால் கூட்டிக் கழித்து ஊகிக்க முடியாது. குடுவையின் கோடுதான் நியாயம்.

முதலில் பீக்கரில் கொஞ்சம் வாலைவடி நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். புனல் வைத்து அளவுக் குடுவைக்கு மாற்றுங்கள். பீக்கரையும் புனலையும் இரண்டு மூன்று முறை நீரால் கழுவி அந்த நீரையும் குடுவைக்குள்ளேயே விடுங்கள். நிறுத்த பொருளில் ஒரு துளிகூட வெளியே நிற்கக் கூடாது. கரைசல் சூடாக இருந்தால் அறை வெப்பநிலைக்கு ஆறும்வரை பொறுங்கள், சூட்டில் கோட்டைத் தொட்டது ஆறியதும் இறங்கிவிடும். கோட்டுக்கு ஒரு விரல் கீழே வரும்வரை நீர் ஊற்றலாம், அதற்குமேல் சொட்டுச் சொட்டாக. கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதி கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். பிறகு மூடியை அழுத்திப் பிடித்துக் குடுவையைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். கலக்கவில்லையென்றால் அடியில் ஒரு செறிவு, மேலே ஒரு செறிவு இருக்கும். கோட்டைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுக்கக் கூடாது. எடுப்பது தண்ணீர் மட்டுமல்ல, கரைசல். கொட்டிவிட்டுத் திரும்பச் செய்வதுதான் வழி.

சோடியம் ஹைட்ராக்சைடை இப்படி நிறுத்து மட்டும் தயாரித்துச் செறிவை நம்பாதீர்கள். தராசில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தூய்மையாகவும் நிலையாகவும் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலத்தை நிறுத்து, அதைக்கொண்டு காரத்தின் உண்மைச் செறிவைக் காண்கிறோம். நீலலிட்மஸின் மூன்றாவது கணக்கு வெறும் பயிற்சி அல்ல. 0.1 மோலார் என்று நினைத்துத் தயாரித்த காரம் உண்மையில் 0.098 என்று கண்டுபிடிக்கும் வேலை அது.

படிகநீர்

ஐயா சொன்னதோடு அந்த 18.4 மோலார் அமிலத்தையும் சேர்க்கிறேன். 1 மோலார் கந்தக அமிலம் 250 மி.லி. வேண்டுமானால் 0.25 மோல் தேவை, 0.25 ÷ 18.4 = 0.0136 லிட்டர், அதாவது 13.6 மி.லி. அடர் அமிலம். அதை முதலில் குடுவையில் விட்டு மேலே தண்ணீர் ஊற்றவே கூடாது. கலக்கும்போது எழும் சூட்டில் மேலே விழும் நீர் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். பீக்கரில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கலக்கிக்கொண்டே அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஆறவிட்டு, அப்புறம் அளவுக் குடுவை. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான்.

உப்புநீர்

மருந்துக் கரைசல்கள் பக்கம் வேலை செய்பவள் நான். சதவீதத்தைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. மேலே நிறைக்கு நிறை சதவீதம் பார்த்தீர்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் கன அளவுக்கு நிறை: 0.9 சதவீத சோடியம் குளோரைடு என்றால் 100 மி.லி. கரைசலில் 0.9 கிராம். லிட்டருக்கு 9 கிராம், 58.44-ஆல் வகுத்தால் 0.154 மோலார். இங்கே அடர்த்தி தேவையே இல்லை. ஆகவே சதவீதம் என்று பார்த்தவுடன் எந்தச் சதவீதம் என்று கேளுங்கள்.

அந்த உப்பு கரைந்ததும் சோடியம் அயனி 0.154, குளோரைடு அயனி 0.154 எனத் தனித்தனியாகிவிடும். துகள்களின் எண்ணிக்கை வேண்டுமென்றால் இரண்டையும் கூட்டி 0.308. கால்சியம் குளோரைடாக இருந்தால் ஒன்றுக்கு மூன்று துகள். உறைநிலைத் தாழ்வுக் கணக்கில் இதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

கடைசி பெஞ்சு

சரி, சூத்திரம் இல்லாமல் நானே ஒன்று போட்டுப் பார்க்கிறேன். 0.2 மோலார் சில்வர் நைட்ரேட் 50 மி.லி., 0.1 மோலார் சோடியம் குளோரைடு 50 மி.லி. இரண்டையும் கலந்தால் எவ்வளவு சில்வர் குளோரைடு படியும், மீதி வெள்ளி அயனியின் செறிவு என்ன?

வெள்ளி 0.05 × 0.2 = 0.010 மோல். குளோரைடு 0.05 × 0.1 = 0.005 மோல். ஒன்றுக்கு ஒன்று. குளோரைடுதான் முதலில் தீர்கிறது, ஆகவே 0.005 மோல் படிவு. 143.3-ஆல் பெருக்கினால் 0.717 கிராம். மீதி வெள்ளி 0.005 மோல், 50 மி.லி.யில், ஆக 0.1 மோலார்.

நீலலிட்மஸ்

படிவு சரி. மீதி வெள்ளி 50 மி.லி.யில் இல்லையே? இரண்டையும் ஊற்றியாயிற்று, இப்போது 100 மி.லி.க்குள் இருக்கிறது. 0.005 ÷ 0.1 = 0.05 மோலார். சரிதானே சார்?

கூம்புக் குடுவை

சரி. நீர்த்த கரைசல்கள் என்பதால் இங்கே 50-ஐயும் 50-ஐயும் கூட்டி 100 என்று எடுக்கலாம். கடைசி பெஞ்சு, மோலும் விகிதமும் சரியாக வந்துவிட்டன, வகுக்கும் எண் மட்டும் பழைய குடுவையிலேயே நின்றுவிட்டது.

கடைசி பெஞ்சு

ஆமாம். 0.05. இப்போதே நோட்டில் திருத்தி எழுதிவிட்டேன்.

நீலலிட்மஸ்

முதலில் கொடுத்த மூன்று கணக்குகளையும் சூத்திரத் தாளைப் பார்க்காமல் மறுபடி போட்டேன், ஒவ்வொரு வரியிலும் அலகோடு. 0.4, 18.4, 0.098. அதன்பிறகு புத்தகத்தில் இருந்த இன்னொன்று: 0.5 மோலார் கரைசல் 40 மி.லி.யை எவ்வளவு நீர்த்தால் 0.08 மோலார் ஆகும்? இருக்கும் மோல் 0.020. அது 0.08 ஆக வேண்டுமானால் 0.25 லிட்டர். ஆகவே 210 மி.லி. தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். விடையும் 210.

பழைய தராசு

தாளில் 210 சரி. கையால் செய்யும்போது 210 மி.லி. அளக்காதீர்கள். 40 மி.லி.யைப் பிப்பெட்டால் 250 மி.லி. அளவுக் குடுவைக்கு மாற்றி, கோடு வரை நிரப்புங்கள்.